நான் போலியோ

கடலூரில் என் முகத்தைவிட என் தொண்டையைத்தான் நிறைய பேருக்குத் தெரியும். செம்மண்டலம் டீக்கடையில் நின்று ஒரு டீ கேட்டால் போதும், யாரும் திரும்பிப் பார்க்காமலே "மைக் செட்டு வந்துட்டாப்ல" என்பார்கள். 'கலைமணி ஒலி ஒளி அமைப்பகம்' என்று போர்டு வைத்திருக்கிறேன். ஒளி என்பது பாதி எரியும் ஒரு சீரியல் செட். ஒலி என்பது நான். 'தானே' புயலில் என் இரண்டு ஹாரன் ஸ்பீக்கரில் ஒன்று பறந்துபோனது. எந்த முந்திரித் தோப்பில் விழுந்து யாருக்கு அறிவிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறதோ, இதுவரை தகவல் இல்லை.

மிச்சமிருந்த ஒன்றை மச்சான் உத்திராபதியின் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போலியோ சொட்டு மருந்துக்கு அறிவிப்பு செய்வேன். உத்திராபதி என் மனைவி வினோதினியின் தம்பி. ஆட்டோ அவனுடையது, சத்தம் என்னுடையது. ஹெல்த் டிபார்ட்மென்ட்டில் எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொஞ்சம் சொந்தச் சரக்கு சேர்ப்பேன். "ஏற்கனவே போட்டாச்சேன்னு சொல்லாதீங்க, நேத்து சாப்ட்டாச்சேன்னு இன்னைக்கு சாப்புடாம இருக்கீங்களா? சளி இருந்தாலும் வாங்க, பேதி இருந்தாலும் வாங்க!" இந்தப் 'பேதி இருந்தாலும்' வரும் இடத்தில் தெருவில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால் வருவார்கள் என்பது என் தொழில் ரகசியம்.

சொட்டு மருந்து முகாம் நடந்த அந்த மாசி மாத ஞாயிற்றுக்கிழமை என் மகள் பொன்னிக்கே பேதி. இரண்டு வயது. புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று குழாய்க்கே தெரியாது. பாதித் தெருவுக்கு வயிறு சரியில்லை.

"வயித்தால போவுதுங்க. வீட்டுக்கு வருவாங்கல்ல, அப்ப ஊத்திக்கலாம்" என்றாள் வினோதினி.

"பேதி இருந்தாலும் வாங்கன்னு ஊரெல்லாம் கத்திட்டு, எம் புள்ளய வீட்ல வச்சிக்கிட்டா என்னா சொல்லுவாங்க?"

தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு சொட்டு. சுண்டுவிரலில் மை. பொன்னி அந்த விரலை ஊருக்கே காட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டுப் போட்டவள் மாதிரி.

மூன்று வாரம் ஓடியது. இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்ட மறுநாள் காலை, பொன்னி பாயை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள். வந்தாள் என்றால், ஓர் அடி வைத்தாள். இடது கால் கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தோம் இரண்டு பேரும். திரும்ப எழுந்தாள், திரும்ப மடங்கியது. அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். நான் கைகூடத் தட்டினேன்.

அடுப்படி வாசலில் நின்ற வினோதினி மட்டும் சிரிக்கவில்லை.

கடலூரில் பார்த்த டாக்டர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் பொன்னியின் வலது முட்டிக்குக் கீழே தட்டினார். கால் தானாக ஒரு உதை உதைத்தது. இடது பக்கம் தட்டினார். எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளித் தட்டினார். இல்லை. சுத்தி ரிப்பேர் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர், "சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இன்னைக்கே" என்றார்.

சிதம்பரத்தில் குழந்தைகள் வார்டு டாக்டர் பெயர் தாட்சாயிணி. அதட்டாமல் பேசுகிற டாக்டர். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"கடைசியா சொட்டு மருந்து எப்ப போட்டீங்க?"

வினோதினி என்னைப் பார்த்தாள்.

"மூணு வாரம் இருக்கும் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. புயலில் ஹாரன் பறந்தது அப்போதுதான் உறைத்தது.

"அதனாலயா மேடம்?" என்று வினோதினி கேட்டாள்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. சொட்டு மருந்தால வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா காலு திடீர்னு தளர்ந்துபோன எந்தக் கொழந்தைக்கும் மலம் ரெண்டு தடவ எடுத்து சென்னை லேபுக்கு அனுப்பியாகணும். ஒரு நாள் இடைவெளி வுட்டு ரெண்டு தடவ. போலியோ வைரஸ் இருக்கா இல்லையான்னு அவுங்கதான் சொல்லுவாங்க."

'ரொம்ப ரொம்ப அபூர்வம்' என்றதை நான் பிடித்துக்கொண்டேன். 'எதுவும் சொல்ல முடியாது' என்றதை வினோதினி பிடித்துக்கொண்டாள். ஒரே வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

சாயந்திரம் நீல ஐஸ் பெட்டியோடு ஹெல்த் இன்ஸ்பெக்டர் சத்யநாராயணன் வந்தார். எனக்கு அறிவிப்பு வேலை கொடுக்கிறவர் அவர்தான். கட்டிலில் கிடக்கிற குழந்தை யாருடையது என்று தெரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"தம்பி, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்தியாவுல ஒரு போலியோ கூட கிடையாது. பேப்பர்லலாம் போட்டான். நம்ம ஜில்லாவுல மட்டும் வந்துடக்கூடாதுப்பா."

நான் ஏதோ திட்டம் போட்டுச் செய்வது போலச் சொன்னார். "நான் பாத்துக்கறேன் சார்" என்று நானும் பதில் சொன்னேன். என்னத்தைப் பார்ப்பது?

முதல் தடவை மலம் எடுப்பதில் பிரச்சினை இல்லை. இரண்டாவதில்தான் பொன்னி எங்களைப் படுத்தினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் நிற்காமல் போனவள், இப்போது போவேனா என்றாள். உத்திராபதி கீழவீதிப் பக்கம் போய் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பப்பாளி, பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாள் என்று உலர்ந்த திராட்சை எல்லாம் வாங்கி வந்தான். சென்னை போக ஐஸ் பெட்டி காத்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் காத்திருக்கிறார், லேப் காத்திருக்கிறது. பொன்னி பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கினாள்.

"மாமா, மைக்ல கூப்ட்டா வருமா?" என்றான் உத்திராபதி.

நானாயிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய ஜோக். அந்த நேரம் அது எனக்குச் சிரிப்பாக இல்லை. என் ஜோக்கெல்லாம் மற்றவர்களுக்கு இத்தனை வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

கடைசியில் பொன்னி மனசு வைத்தபோது வினோதினி கிண்ணத்தை வழக்கம்போல ஃபினாயில் ஊற்றிக் கழுவி வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "அய்யய்யோ, இதுல எது உயிரோட இருக்கும்? வைரஸ் செத்துருக்கும்மா. மறுபடி வேணும்."

வினோதினி அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். சுத்தமாக இருந்ததற்காகத் திட்டு வாங்கியவள் அந்த வார்டில் அவள் ஒருத்திதான். அழுகை நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஊரையே கூப்புட்டு ஊத்தவச்சீங்க. எத்தினி பேரு புள்ளைங்க? எதுக்கும் ஒண்ணும் ஆவல. நம்மளுதுக்குத்தான்..."

"டாக்டர் அபூர்வம்னு சொன்னாங்கல்ல?"

"நான் வேணாம்னு சொன்னேன்ல?"

மறுநாள் பொன்னி தானாக, யாரும் கேட்காமல், சுத்தமான கிண்ணத்தில் கொடுத்தாள். எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று ஐஸ் பெட்டியில், சீல் வைத்து, அத்தனை மரியாதையோடு சென்னைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் போல வைத்திருந்து அனுப்பினார்கள். பிசியோதெரபி சொல்லிக் கொடுத்தார்கள். பொன்னி உட்கார்ந்தபடியே வலது காலை உந்தி, இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வீடெல்லாம் தவழ்ந்தாள். அந்தக் கால் தரையில் உரசுகிற சின்னச் சத்தம் இருக்கிறதே, அதற்கு ஸ்பீக்கரே தேவையில்லை. தெருக்கோடியில் நின்றாலும் எனக்குக் கேட்டது.

ரிசல்ட் வரும், வரும் என்றார்கள். வரவில்லை. சித்திரை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்று சொட்டு மருந்து. இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேற ஆளப் பாக்கட்டுமா தம்பி?"

வினோதினியிடம் சொன்னேன். அவள் பொன்னியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போங்க. ஒங்க பொழப்பு. நம்ம தெருவுல மட்டும் கத்தாதீங்க."

சனிக்கிழமை காலை கிளம்பினோம். "அஞ்சு வயசுக்குள்ள இருக்கற எல்லா கொழந்தைக்கும்..." என்று தொடங்கினேன். எழுதிக் கொடுத்ததை மட்டும் படித்தேன். பேதி வரும் இடத்தில் பேதியை விட்டுவிட்டேன்.

"மாமா, ஒரு லைன தாண்டிட்டியே" என்றான் உத்திராபதி.

"ஓட்டுடா மச்சான்."

குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். வரச் சொல்கிறேனா, வராதீர்கள் என்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. எங்கள் தெருமுனை வந்ததும் வினோதினி சொன்னபடி மைக்கை இறக்கினேன். அணைக்கவில்லை, இறக்கினேன். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"தம்பி, ரிசல்ட் வந்துடுச்சி."

ஆட்டோ தடதடவென்று அதிர்ந்தது. "என்னா சார்? என்னா வந்துருக்கு?"

"நான் போலியோ."

"என்னா சார்?"

"நான் போலியோப்பா. நான்... போலியோ..."

கதவை யாராவது தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்போம். வெளியிலிருந்து "நான்" என்று ஒரு குரல் வரும். அப்படி என் வாசலில் வந்து நின்றது அது. யாரு? நான். போலியோ.

ஒரு கையில் போன், ஒரு கையில் மைக். எது வாய்க்குப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டால் இரண்டும்தான்.

"நான் போலியோவா?" என்றேன்.

"நான் போலியோவா?" என்று செம்மண்டலம் முழுக்கக் கேட்டது ஹாரன்.

போன் கை நழுவி ரோட்டில் விழுந்தது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். பேட்டரி நேராகச் சாக்கடைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் நம்பர் அந்தப் போனில் இருந்தது, என் தலையில் இல்லை. நான் குனிந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தெருவுக்குள்ளிருந்து வினோதினி பொன்னியைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நம் தெருவில் கத்தாதீர்கள் என்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து தம்பியிடம் சொன்னாள்: "சிதம்பரம் போ."

பின்னால் சொட்டு மருந்து பேனர், மேலே ஹாரன், உள்ளே நாங்கள். ஓ.டி. என்கிற பழைய கடலூரைத் தாண்டி, புதுச்சத்திரம் வழியாக ஆட்டோ பறந்தது. பொன்னிக்கு மட்டும் குஷி. மைக் அவள் கைக்கு வந்திருந்தது. "அஞ்சு... வச்சு... சொத்து..." என்று அதில் பேசிக்கொண்டு வந்தாள். என் பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜனங்கள் சிரித்துக்கொண்டே கை காட்டியபோதுதான் மைக் இன்னும் அணைக்கவில்லை என்று தெரிந்தது. அணைக்கக் கை போனது. வினோதினி என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"வுடுங்க. பேசட்டும்."

தாட்சாயிணி டாக்டர் வார்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சலா?"

"ரிசல்ட் வந்துடுச்சாம் மேடம்" என்றேன். உத்திராபதி முடித்தான்: "நான் போலியோன்னு சொன்னாராம் மேடம்."

"ஆமா, எனக்கும் சொன்னாங்க. நான் போலியோதான்" என்றார் டாக்டர். புன்னகையோடு.

வினோதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரி கையை உதறினார்.

"அய்யோ, இருங்க இருங்க. நான்னா நீங்க நெனைக்கிற நான் இல்ல. இங்கிலீஷ் நான். என், ஓ, என். நான்-வெஜ்ஜுன்னு சொல்றோம்ல, வெஜ் இல்லாதது? அது மாதிரி, போலியோ இல்லாதது. போலியோ இல்லம்மா. எந்திரி."

வினோதினி எந்திரிக்கவில்லை. "வெஜ்ஜா?" என்றாள். பாவம், அவள் மனசு எங்கே இருந்ததோ.

டாக்டர் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "போலியோ வைரஸ் எதுவும் வரல. சொட்டு மருந்துல இருக்கற வைரஸும் வரல. வேற ஒரு குடல் வைரஸ் வந்துருக்கு. அதுல நூறு வகை இருக்கு. பேதி, காய்ச்சல்னு வந்து, வாரக்கணக்குல வயித்துல குடியிருந்துட்டுப் போவும்."

"அப்ப காலு அதாலதானா?"

"அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். நல்லா ஓடியாடற கொழந்தைங்க வயித்துலயும் அது இருக்கும். ஆனா போலியோவா இருந்திருந்தா, நீங்க ஆட்டோ புடிக்கறதுக்கு முன்னாடி டெல்லிலேர்ந்து இங்க ஜீப் வந்து நின்னிருக்கும்."

"நடப்பாளா?" இதைக் கேட்டது நான். மாதக் கணக்கில் தொண்டையில் நின்ற கேள்வி. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

டாக்டர் பொன்னியின் இடது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "போன தடவைக்கு இப்ப லேசா எதுத்துத் தள்ளறா. அடுத்த மாசம் ஒரு தடவ முழுசா பாக்கணும். அதுக்கு முன்னாடி எழுதிக் குடுக்க மாட்டேன். நம்பிக்கையா இருக்கேன், அவ்வளவுதான்."

கிளம்பும்போது வினோதினி வாசலில் நின்று கேட்டாள். "நாளைக்கு இவளுக்கு சொட்டு மருந்து போடலாமா மேடம்?"

"போடலாம். வயித்துல ஏற்கனவே வேற வைரஸ் குடித்தனம் இருந்தா, சில சமயம் சொட்டு மருந்துக்கு எடம் கெடைக்காது. சரியா புடிக்காது. அதனாலதான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றது. ஒங்க வீட்டுக்காரர்தான் மைக்ல சொல்றாரே."

வினோதினி பொன்னியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள்.

செம்மண்டலம் திரும்பி, வினோதினியையும் பொன்னியையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தால் டீக்கடையில் ஒரு கூட்டம். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

"என்னாப்பா கலைமணி, ஒனக்குப் போலியோவாமே? நீயே மைக்ல சொன்னியாம். இந்த வயசுலயுமா வரும்?"

"நான் போலியோ இல்லீங்க" என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ரிசல்ட்டில் இருப்பது நான்-போலியோ. அது இல்லை என்றால் என்ன அர்த்தம் ஆகும்? இருபது வருஷமாகப் பேசிப் பிழைத்தவன், ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். கடைசியில் மைக்கை எடுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்ணுக்கும் போலியோ கெடையாது. நாளைக்கு முகாம் உண்டு. சளி இருந்தாலும் வாங்க." கொஞ்சம் நிறுத்தினேன். "பேதி இருந்தாலும் வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தெருவுக்குள்ளே எங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூட வாசலில் மைக்கோடு நின்றேன். கூட்டம் குறைவுதான். வந்தவர்களும் ஒருவரை ஒருவர் முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் வினோதினி பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வரவில்லை. நேராக மேசைக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். நர்ஸ் பொன்னியின் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறந்தாள். முதல் சொட்டு விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் பொன்னிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு உதை. மேசை மேல் மருந்து வைத்திருந்த நீலப் பெட்டியின் மூடி எகிறிக் கீழே விழுந்து உருண்டது.

எல்லாரும் மூடியைப் பிடிக்க ஓடினார்கள். வினோதினி ஓடவில்லை.

"எந்தக் காலு?" என்றாள் என்னைப் பார்த்து. ஆஸ்பத்திரியில் அழுத அன்றைக்குப் பிறகு என்னிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"தெரியல. நான் சரியா பாக்கல."

"எடது மாதிரி இருந்துச்சிங்க."

"எடதா?"

மைக் என் கையில்தான் இருந்தது. இந்தத் தடவை ஞாபகமாக அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். வினோதினி பொன்னியின் வலது காலைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடது காலை மட்டும் தொங்கவிட்டு, அதற்கு நேரே என்னை நிறுத்தினாள். இரண்டாவது சொட்டு இன்னும் பாக்கி. நர்ஸ் பாட்டிலைச் சாய்த்தபடி காத்திருந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒதடி" என்றாள் வினோதினி மகளிடம். "ஒங்கப்பாவ இன்னொரு தடவ ஒத."